பக்கெட் அக்கா கழற்றிய குழாய்

பக்கெட் அக்காவின் இரண்டு கைகளும் முழங்கை வரை சிங்க்கிற்குள் இருந்தன. சாம்பல் நிறத்தில் தேங்கி நின்ற தண்ணீரை மக்கால் மொண்டு மொண்டு பக்கெட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு முட்டை ஓடும் கொஞ்சம் தேயிலைத் தூளும் மேலே மிதந்தன. காலையிலிருந்தே தண்ணீர் மனசில்லாமல்தான் இறங்கியது. மதியம் சூப் பாத்திரத்தைக் கழுவியதும் அடியோடு நின்றுவிட்டது.

எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் வாசலைத் தாண்டியதும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு பக்கெட் இருக்கா?" என்பதுதான். வேலை பார்த்த சலவைக்கடையை மூடிவிட்டபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. ஆறு மாதம் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சிக்குப் போனாள். பிறகு இருபது வருடத்தில் இருபத்திரண்டு வீடுகள். வாந்தியோ, ரத்தமோ, ஒழுகும் கூரையோ, பக்கத்தில் ஒரு பக்கெட் இருந்தால் பாதி பயம் போய்விடும் என்பது அவள் கட்சி. அந்தப் பெயரை வைத்தது எந்த வீடு என்பது அவளுக்கே மறந்துவிட்டது. பெயர் மட்டும் கூடவே வந்துகொண்டிருந்தது.

இந்த வீட்டில் அவள் பார்த்துக்கொண்டவர் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். பத்து வாரத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது பக்கம் தளர்ந்தது. நன்றாகத்தான் தேறி வந்தார். வாக்கரைப் பிடித்து நடந்தார், பேச்சு திரும்பியது, கூடவே கிண்டலும் திரும்பியது. போன இரண்டு வாரமாக எல்லாம் தலைகீழ். எழுந்தால் தலைசுற்றல். செவ்வாய்க்கிழமை குளியலறை வாசலில் விழுந்தார். நல்லவேளை, எலும்பு தப்பியது. வியாழக்கிழமை சாயங்காலம் தன் மகளைப் பார்த்து, "கடைசி பஸ் போயிடுச்சாம்மா?" என்று கேட்டார்.

மகள் பள்ளிக்கூட டீச்சர், ஒரே பிள்ளை. அம்மா போய் வருடங்கள் ஆகிவிட்டன. பக்கெட் அக்கா மூன்று மணிக்குக் கிளம்பினால் டீச்சர் வீடு திரும்ப ஐந்தரை ஆகும். அந்த இரண்டரை மணி நேரம் அப்பா தனியாக. பஸ் கேள்வியைக் கேட்ட மறுநாளே டீச்சர் ஒரு முதியோர் இல்லத்துக்கு போன் செய்தாள். நாளை காலை பத்து மணிக்கு அங்கிருந்து இரண்டு பேர் வந்து பெரியவரைப் பார்க்கப்போகிறார்கள். சரி என்றால் வார முடிவுக்குள் அழைத்துப் போய்விடுவார்கள்.

"டெப்போல கொண்டுபோய் நிறுத்தப்போறே. அவ்வளவுதானே?" என்று டிரைவர் ஒரே ஒரு தடவை கேட்டார். டீச்சர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆட்கள் வரும்போது சமையலறை நாறக்கூடாது. பிளம்பரோ நாளை மதியத்துக்கு மேல்தான் வருவேன் என்றுவிட்டார். அதனால்தான் பக்கெட் அக்கா இன்று மூன்று மணிக்குக் கிளம்பவில்லை.

அலமாரியில் அடைப்பு நீக்கும் திராவகம் ஒரு பாட்டில் இருந்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்த இடத்திலேயே வைத்தாள். மூச்சும் விழுங்கலும் தகராறாக இருக்கும் மனிதர் உள்ள வீட்டில் அந்த நெடி கூடாது. தவிர, நாளைக்குக் குழாயைக் கழற்ற வேண்டி வந்தால் பிளம்பர் கையில் அல்லவா கொட்டும்?

முதலில் சுடுதண்ணீர். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் குழாய் இளகிப்போகும் என்பதால் கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுத்து, பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து ஊற்றினாள். எண்ணெய் அடைப்பாக இருந்தால் இதற்கே வழிவிட்டிருக்கும். விடவில்லை. திரும்பவும் மொண்டு எடுத்தாள். பிறகு அரைக் கோப்பை சமையல் சோடாவை ஓட்டைக்குள் தள்ளி, மேலே ஒரு கோப்பை வினிகரை விட்டு, ஈரத்துணியால் அழுத்தி மூடினாள். உள்ளே புஸ்ஸென்று நுரைத்தது.

"வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு போல," என்றார் டிரைவர். சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சத்தம்தான் வருது, நகரக் காணோம்."

"விட்டுடுங்க பக்கெட்டம்மா. நாளைக்கு பிளம்பர் பாத்துக்குவான்."

"நாளைக்கு வர்றவங்க நாத்தத்தைப் பாத்துக்குவாங்களா?"

அவர் வாயை மூடிக்கொண்டார். அதுதான் அவளுக்கு விநோதமாக இருந்தது. ஒரு பேச்சுக்கு இரண்டு பேச்சு பேசும் மனிதர், காலையிலிருந்து அந்த சிங்க்கையே திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரம் கழித்துத் துணியை எடுத்தாள். நுரை அடங்கியிருந்தது, தண்ணீர் அசையவில்லை. கழிவறைக்கென்று வாங்கி, ஸ்டிக்கர்கூடக் கிழிக்காமல் வைத்திருந்த ரப்பர் கிண்ணம் ஒன்று இருந்தது. நீளமான கைப்பிடி வைத்தது. சிங்க்கின் பக்கவாட்டில் இருந்த சின்ன ஓட்டையை ஈரத்துணியால் அடைத்தாள். அதை அடைக்காவிட்டால் அழுத்தம் அந்த வழியாக ஓடிவிடும். கிண்ணம் முங்குகிற அளவு தண்ணீர் விட்டு, இருபது முறை அழுத்தி அழுத்தி இழுத்தாள். ஒரு விரற்கடை இறங்கிற்று, அதோடு சரி.

"விட்டுடுங்கன்னா கேக்க மாட்டீங்களே," என்றார் டிரைவர். குரல் கம்மியிருந்தது.

"உங்களுக்கென்ன அந்தக் குழாய் மேல அவ்வளவு கரிசனம்?"

பக்கெட்டைக் கீழே சரியாக வைத்தாள். தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, மண்டியிட்டாள். முட்டி இரண்டும் முனகின. சிங்க்குக்குக் கீழே குழாய் வளைந்து திரும்பும் இடத்தில் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் திருகு வளையங்கள். ரப்பர் கையுறை பிடிமானம் கொடுத்தது. முதல் வளையம் லேசாகத் திரும்பியது. இரண்டாவதுக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. தண்ணீர் சளசளவென்று பக்கெட்டில் விழுந்தது. வளைவுக் குழாயை வெளியே எடுத்துத் தட்டினாள்.

தொப்பென்று ஒன்று விழுந்தது.

முடிக்கற்றையோ எண்ணெய்க் கட்டியோ வரும் என்று பார்த்தாள். வந்தது வெள்ளையாக, வழவழவென்று, வார்த்தெடுத்த மாதிரி குழாயின் வளைவு அப்படியே இருந்த ஒரு கூழ். ஓரத்தில் தேயிலை ஒட்டியிருந்தது. விரலால் அழுத்தினாள். நடுங்கியது, கரையவில்லை.

அது என்ன என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தினமும் காலையில் அவளே கலக்குவது. பக்கவாதத்துக்குப் பிறகு டிரைவரின் தொண்டை மந்தமாகிவிட்டது. வெறும் தண்ணீர் சரேலென்று இறங்கி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், அங்கிருந்து நுரையீரலுக்கு. அதனால் எதைக் குடித்தாலும் ஒரு பொடியைக் கலந்து கெட்டியாக்கிக் கொடுக்க ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். காலையில் ஒரு பெரிய ஜக்கில் மொத்தமாகக் கலக்கி வைத்துவிடுவாள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு கோப்பை என்று அவர் பக்கத்தில் வைப்பாள். துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால் கோப்பை காலியாக இருக்கும். நோட்டில் எழுதுவாள்: ஒரு கோப்பை, குடித்தார்.

தரையில் உட்கார்ந்தபடியே திரும்பினாள்.

"டிரைவரய்யா, எத்தனை நாளா?"

அவர் வாக்கரின் கைப்பிடியைத் தடவினார். "பதினஞ்சு நாள் இருக்கும்."

"எல்லாத்தையுமா?"

"காலைல முதல் கப்பு குடிப்பேன். அப்புறம் முடியல. மத்தியானம் ஆனா அது தண்ணியா பக்கெட்டம்மா? போஸ்டர் ஒட்டுற பசை. ஸ்பூனை நட்டா நிக்குது."

"சரி. தாகத்துக்கு வேற என்ன குடிச்சீங்க? குழாய்த் தண்ணியா?"

"ஐயோ, அதெப்படி! அது புரையேறும், நெஞ்சுக்குள்ள போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க? அதைத் தொடவே இல்ல." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "ஒண்ணும் குடிக்கல."

பக்கெட் அக்கா எழுந்து கையைச் சோப்புப் போட்டுக் குளியலறையில் கழுவிக்கொண்டு வந்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். காய்ந்த தோல்போல வெடித்திருந்தது. நெஞ்சுத் தோலைக் கிள்ளி விட்டாள். கூடாரம்போல நின்று, பிறகு சாவகாசமாக இறங்கியது. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனதைக்கூட அவள் பார்த்திருந்தாள். சத்து மாத்திரையின் நிறம் என்று தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். தலைசுற்றல், விழுந்தது, கடைசி பஸ் எல்லாம் இப்போது வரிசையாக வந்து நின்றன. மனிதர் தண்ணீர் இல்லாமல் வாடிக்கொண்டிருந்திருக்கிறார். அவள் தினமும் எட்டு கோப்பை, எட்டு கோப்பை என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறாள்.

"பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க," என்றார் டிரைவர். "அப்பனுக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு நாளைக்கே அனுப்பிடுவா."

"சொல்லலைன்னாதான் அனுப்புவாங்க. புத்தி பிசகலை, தண்ணி பத்தலைன்னு நாந்தானே சொல்லியாகணும்?"

"உங்க வேலைக்கு ஆபத்தாச்சே?"

"அது என் கவலை. இப்ப வாயைத் திறங்க."

புதிதாக ஒரு கோப்பை மட்டும் கலக்கி, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தாள். மோவாயைக் கீழே தாழ்த்தி விழுங்கச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் தொண்டை முடிச்சு மேலே ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். அதன் பிறகுதான் வளைவுக் குழாயைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, மாட்டி, கையால் இறுக்கினாள். தண்ணீரைத் திறந்துவிட்டாள். கடகடவென்று இறங்கியது. திருகு வளையத்தைச் சுற்றி ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துப் பார்த்தாள். நனையவில்லை.

டீச்சர் வந்ததும் பையைக்கூட வைக்கவிடாமல் சமையலறைக்குக் கூப்பிட்டாள். கூழைத் தூக்கிப் போடாமல் ஒரு தட்டில் எடுத்து வைத்திருந்தாள்.

"என்னக்கா இது, கருமம்?"

"உங்கப்பா பதினஞ்சு நாளா குடிக்காத தண்ணி."

விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். டீச்சர் முகம் சிவந்தது. நோட்டை எடுத்துப் புரட்டினாள். "அப்ப இதுல நீங்க எழுதினதெல்லாம் என்ன? எட்டு, எட்டு, எட்டு! இதை நம்பித்தானே நான் டாக்டர்கிட்ட எல்லாம் ஒழுங்கா குடிக்கிறார்னு சொன்னேன்?"

"காலி கப்பைப் பாத்து எழுதினேன் டீச்சர். தொண்டையைப் பாக்கல. தப்பு என்னுது. மொத்தமா கலக்கி வெச்சா நேரம் மிச்சம்னு நெனச்சேன், அதுவும் என்னுது. அந்தப் பொடி நேரமாக ஆக இறுகிக்கிட்டே போகும். காலைல தேன் மாதிரி இருக்கறது மத்தியானம் களியாயிடும். நானே ஒரு வாய் குடிச்சுப் பாத்திருக்கணும்."

"நீங்க வேண்டாம்னு நான் சொல்லிட்டா?"

"சொல்லுங்க. ஆனா முதல்ல கிளினிக்குக்கு போன் பண்ணுங்க."

டீச்சர் போன் செய்தாள். அங்கிருந்த நர்ஸ் வரிசையாகக் கேட்டார்: விழிப்பாக இருக்கிறாரா, சிறுநீர் போகிறதா, காய்ச்சல் உண்டா. கேள்விக்குக் கேள்வி பக்கெட் அக்கா பக்கத்தில் நின்று விடை சொன்னாள். தூங்கப் போகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள், மயக்கமாகத் தெரிந்தால் உடனே கூட்டி வாருங்கள், இல்லாவிட்டால் காலையில் முதல் வேலையாக ரத்தப் பரிசோதனைக்கு வாருங்கள் என்றார்.

டீச்சர் போனை வைத்துவிட்டு அப்பாவிடம் போய் நின்றாள். "ஏம்ப்பா, பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீயே ஓட்டமா ஓடிக்கிட்டிருக்கே. இதுல இது வேறயான்னுதான்…"

"அதுக்கு? சிங்க்குக்கா ஊட்டுவீங்க?"

டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோணல் சிரிப்புதான், ஆனாலும் சிரிப்பு. டீச்சர் சிரிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டாள்: "டீயில அந்தப் பொடியைப் போடலாமாக்கா?"

"தாராளமா. தண்ணியிலதான் போடணும்னு யாரும் சொல்லல. எனக்குத்தான் தோணல."

"அப்பாவுக்கு டீ போதும். டீ இருந்தா டீசலே வேண்டாம்." கொஞ்சம் தயங்கி, "நாளைக்கு ஏழு மணிக்கே வந்துடுங்க," என்றாள். வேலை போகவில்லை என்பதை பக்கெட் அக்கா அப்படித்தான் தெரிந்துகொண்டாள்.

மறுநாள் ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே அவள் வந்துவிட்டாள். டிரைவர் உடை மாற்றி, தலைவாரி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். ராத்திரி இரண்டு முறை சிறுநீர் போனதாகவும், நிறம் வெளுத்திருப்பதாகவும் டீச்சர் நோட்டிலேயே எழுதி வைத்திருந்தாள். நாக்கில் இன்னும் வெடிப்பு இருந்தது, ஆனால் ஈரமாக இருந்தது.

"இன்னிக்கு என்ன கிழமை?" என்று பக்கெட் அக்கா கேட்டாள்.

"செவ்வாய். எனக்கு டெஸ்ட் வைக்காதீங்க, டீயை வைங்க."

ஒரே ஒரு கோப்பை டீ போட்டாள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, பொடியை ஸ்பூனில் அள்ளி, கத்தியின் முதுகால் தலைதட்டிப் போட்டாள். கலக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் காத்திருந்தாள். முதல் ஸ்பூனைத் தன் வாயில் போட்டுப் பார்த்தாள். பிறகு வேறு ஸ்பூன் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

அவர் குடித்தார். முடிச்சு ஏறி இறங்கியது. இருமல் இல்லை.

"எப்படி?"

"பழைய இன்ஜின் ஆயில் மாதிரி இருக்கு. ஆனா டீ ருசி வருது." கோப்பையை அவரே கையில் வாங்கிக்கொண்டார்.

டீச்சர் ஜன்னல் அருகே நின்று முதியோர் இல்லத்துக்குப் பேசிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு வேண்டாங்க. எட்டு மணிக்கு ரத்தம் குடுக்கப் போறோம். ஒரு மாசம் பாத்துட்டு நானே கூப்பிடறேன்… இல்லைங்க, உறுதியா சொல்ல முடியாது. ஒரு மாசம் பாக்கறேன்." பேசி முடித்துவிட்டு, மூன்றிலிருந்து ஐந்தரை வரை எதிர்வீட்டு அத்தை வந்து உட்கார முடியுமா என்று கேட்கப் படியிறங்கிப் போனாள்.

கோப்பை காலியானது. பக்கெட் அக்கா நோட்டைத் திறந்து, பழைய பதினைந்து நாள் பக்கங்களின் குறுக்கே ஒரு கோடு போட்டு, "பார்க்காமல் எழுதியது" என்று எழுதிக் கையெழுத்திட்டாள். புதுப் பக்கத்தில், "டீ, ஒரு கோப்பை. குடித்ததைப் பார்த்தேன்" என்று எழுதினாள். நேற்றைய ஜக்கின் அடியில் இறுகிக் கிடந்ததைக் காகிதத்தில் வழித்துச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். பிறகு கோப்பையை சிங்க்கில் கழுவினாள். தண்ணீர் ஒரு சுழல் சுழன்று, நிற்காமல் இறங்கிப் போயிற்று.