கறுக்காத கோடு

எங்களுக்குச் செட்டியார்பட்டி. அப்பா ராஜபாளையம் பக்கம் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தார். புண்ணில் வைக்கிற துணியை மடித்துப் பொட்டலம் போட்டு, மேலே ஒரு டேப் ஒட்ட வேண்டும். அதுதான் வேலை. டேப்பில் வெளிறின கோடுகள் இருக்கும். பொட்டலத்தை ஆவி மெஷினுக்குள் வைத்து எடுத்தால் கோடு கறுத்துவிடும். கறுத்தால் கிருமி செத்துவிட்டது என்று அர்த்தம்.

மிச்சம் விழுகிற டேப்புத் துண்டு எனக்கு வரும். கையில் வாட்ச் மாதிரி ஒட்டிக்கொள்வேன். ஒரு நாள் இட்லிச் சட்டிக்குள் போட்டு மூடி வைத்தேன். கறுக்கவில்லை. அழுதேன்.

"ஏட்டி, இட்லி வேகிற சூட்டுக்கெல்லாம் அது மசியாது," என்று அப்பா சிரித்தார். அதிகம் சிரிக்கிற ஆள் இல்லை அவர்.

நான் மூணாப்பு படிக்கும்போது அந்த ஆவி மெஷின் நின்றுபோனது. மாற்றுச் சாமான் கோயம்புத்தூரில் இருந்து வர வேண்டும். வரவில்லை. ஆர்டர் நிற்கக் கூடாது, டேப்பை ஒட்டி அப்படியே அனுப்புங்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார். சோறு தின்னும்போது அப்பா இதை அம்மாவிடம் சொன்னார்.

"நீங்க ஒட்டலைன்னா இன்னொருத்தன் ஒட்டுவான். பொட்டலம் போகத்தான போகுது?" என்றாள் அம்மா.

அப்பா மறுநாள் வேலைக்குப் போனார். அதற்கடுத்த நாளும் போனார். எனக்கு டேப்பு வருவது மட்டும் நின்றது. கேட்டால், "இல்ல," என்பார்.

புரட்டாசி சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கே திருவண்ணாமலை என்கிற குன்றின் மேல் இருக்கிற பெருமாளைக் கும்பிடக் கிளம்பினோம். மலைக்குக் கீழே செருப்பைக் கடையில் விட்டு நாலு எட்டு வைத்தேன். சோடா பாட்டில் சில்லு உள்ளங்காலில் ஏறிவிட்டது.

அடிவாரத்தில் தகரக் கொட்டகை போட்டு ஒரு நர்ஸம்மா மருந்து வைத்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் இருந்து நடந்தே வந்தவர்கள். கொப்புளம், வெடிப்பு. எல்லார் காலிலும் வெள்ளைக் கட்டு. பெரிய மீசை வைத்த ஒருத்தர், பட்டாளத்தில் இருந்தவராம், "என்ன பாப்பா, பெருமாளுக்கு ரத்தக் காணிக்கையா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

நர்ஸம்மா சில்லை எடுத்து, கழுவி, ஒரு பொட்டலத்தை எடுத்தார். எனக்கு வலி மறந்துபோனது.

"அப்பா, நம்ம டேப்பு!" என்று கத்தினேன். பிறகு உற்றுப் பார்த்தேன். "நர்ஸம்மா, இது வேகலை. கோடு கறுக்கலை பாருங்க."

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. பெருமையாக அப்பாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

நர்ஸம்மா பெட்டியில் இருந்த மற்றதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாமே இப்படித்தான இருக்கு. கம்பெனிக்காரன் மேல கிருமி இல்லைன்னு அச்சடிச்சிருக்கானே?"

அம்மா அப்பா சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தாள். "வாங்க போவோம். வேற எங்கயும் காட்டிக்கிடலாம்."

"செத்த இரு," என்றார் அப்பா. பிறகு நர்ஸம்மாவிடம் சொன்னார்: "இது நான் ஒட்டுனதும்மா. மெஷின் ஓடலை. வேகாத துணி."

பெஞ்சில் சிரிப்பு நின்றது. மீசைக்காரர் கேட்டார். "தெரிஞ்சேவா ஒட்டுன?"

"ஆமா."

"உன் புள்ள காலுன்னதும் வாய் வருதாக்கும்?"

அப்பா குனிந்து மீசைக்காரர் காலைப் பிடித்துக் கட்டை அவிழ்த்தார். அடுத்தவர் காலையும் பிடித்தார். பெஞ்சு முழுக்க அவிழ்த்தார். நர்ஸம்மா பின்னாலேயே மருந்து போட்டு வந்தார். வேறு துணி வாங்கிவர ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆள் போனது.

"இந்தத் துணியக் கெட்டிக்கிட்டு மேல ஏறுனவிய எம்புட்டுப் பேரும்மா?" என்று அப்பா கேட்டார்.

"இருபது பேர் இருக்கும். யாரு எவருன்னு நான் கண்டேனா?"

அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு படி ஏறினார். அம்மா வரவில்லை. கீழேயே உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை அவரே கம்பெனிக்குப் போய் நடந்ததைச் சொன்னார். வேலை போனது. மற்ற கம்பெனியிலும் சேர்க்கவில்லை. மாங்காய்க் குடோனில் மூட்டை தூக்கினார். கடைசி வரைக்கும் அதுதான். நான் எட்டாப்போடு நின்றேன். "எல்லாம் உன் வாயாலதாண்டி," என்று அம்மா ரொம்ப நாள் சொன்னாள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன்.

அன்றைக்கு மலை மேலே நல்ல கூட்டம். எல்லாரும் கையைக் கூப்பி அண்ணாந்து நின்றார்கள். தோளில் இருந்த எனக்குப் பெருமாள் நன்றாகத் தெரிந்தார். அப்பா குனிந்தே நின்றார். ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார். வெள்ளைத் துணி கண்ணில் பட்டால் என்னை இறக்கிவிட்டு உட்கார்ந்து அந்தக் காலைப் பிடிப்பார். என்னமோ சொல்வார். ஒருத்தி பயந்து காலை இழுத்துக்கொண்டாள். ஒருத்தர் உதறினார். எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்து சாமியைப் பார்க்கத் தெரியவில்லையே என்று கோபமும் வந்தது. தோளில் ஏறினதும் அவர் முடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினேன்.

"அப்பா, சாமி அங்க இருக்கு."

"நீ பாரு," என்றார். "எனக்கும் சேத்துக் கும்பிட்டுக்கோ."

கும்பிட்டேன். மெஷின் சீக்கிரம் சரியாகி எனக்கு மறுபடி டேப்பு வர வேண்டும் என்று, இரண்டு பேருக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.