பொட்டு வைக்காத பேட்டரி

பாபநாசம் கடைத்தெருவில் தங்கையன் ஸ்டூடியோவில் விண்ணரசி வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே ஃபிலிம் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு வருஷம் கழித்து, இரண்டாயிரத்து எட்டில், ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்துவிட்டது. விண்ணரசி மட்டும் அதே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கல்யாண ஆல்பம் கோப்பது, பாஸ்போர்ட் போட்டோவில் முகத்தின் எண்ணெயைத் துடைப்பது, கடை கட்டும்முன் பேட்டரிகளைச் சார்ஜில் போடுவது எல்லாம் அவள் பொறுப்பு. பெண் வயசுக்கு வந்த வீட்டு விசேஷம் என்றால் தங்கையன் இரண்டாவது கேமராவை அவளிடம் கொடுத்து உள்ளறைக்கு அனுப்பிவிட்டு, தான் வாசலில் மாமன் சீர்வரிசைத் தட்டுகளைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார். ஆல்பத்தில் உள்ளறைப் படங்கள்தான் நன்றாக இருந்தன என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசியதில்லை.

புருஷன் அருள்பிரகாஷ் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் வருவார். மற்ற நாட்களில் வெள்ளிக்கிழமை போனில் இருப்பார்.

ஆடி கடைசியில் ராஜகிரியிலிருந்து சைத்தூன் பீவி ஸ்டூடியோவுக்கு வந்தார். பாஸ்போர்ட் போட்டோ என்று சொல்லித்தான் வந்தார். தங்கையன் டீ குடிக்கப் போனதும் பாஸ்போர்ட் போட்டோ வேண்டாமென்றார். நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாம் ஞாயிறு அவர் மகளுக்குக் கல்யாணம். பெண்கள் பக்கத்தை விண்ணரசி எடுக்க வேண்டும். ஆனால் ஸ்டூடியோ மூலமாக வேண்டாம். பெண்கள் பக்கத்துப் படம் எதுவும் வெளி ஆம்பளை கண்ணில் படக்கூடாது. ஸ்டூடியோ கேமரா என்றால் கார்டு ஸ்டூடியோ கம்ப்யூட்டருக்குப் போகும், அதற்கு முன்னால் தங்கையன் உட்கார்ந்திருப்பார். அந்த வீட்டு ஆண்கள் பக்கத்தை இருபது வருஷமாக எடுப்பவர் அவர்தான், மனுஷன் நல்லவர்தான், அதெல்லாம் வேறு.

"உன் கேமரா, உன் கையி. அப்படின்னா வா. நல்லா வந்துச்சுன்னா எங்க ஊர்ல உள்ள கல்யாணமெல்லாம் உனக்குத்தான். இல்லாட்டி சொல்லிடு, நான் மெட்ராஸ்லேருந்து ஒரு பொண்ண வரவழைக்கிறேன்" என்றார் சைத்தூன் பீவி.

விண்ணரசி வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவளிடம் கேமரா இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை, இல்லை என்று அவளும் சொல்லவில்லை. பிரிண்டுக்குத் திருச்சியில் ஒரு லேபில் மெஷினில் உட்காருவது ஒரு பெண் என்று தெரிந்துவைத்திருந்தாள். பாக்கி, கேமரா ஒன்றுதான்.

முதல் கேமரா வாங்குகிறவர்கள் எல்லோரையும் போல அவளும் முதலில் மெகாபிக்சலைத்தான் எண்ணினாள். பத்து, பன்னிரண்டு என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தாள். பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த பிரவுசிங் சென்டரில் மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து படித்ததில், அந்த எண்ணைப் பற்றிக் கவலைப்படுவது கடைக்காரன் வேலை என்று தெரிந்தது. கேமரா பாடி நாலு வருஷத்தில் பழசாகிவிடும், லென்ஸ்தான் நிற்கும். ஒரு கம்பெனி லென்ஸ் இன்னொரு கம்பெனி பாடியில் உட்காராது. ஆகவே வாங்குவது ஒரு கேமராவை அல்ல. சம்பந்தம் பண்ணுவது மாதிரி, பிறகு ஃப்ளாஷ், லென்ஸ், பேட்டரி என்று கொடுக்கல் வாங்கல் எல்லாம் அந்த வீட்டோடுதான். நோட்டில் எழுதியிருந்த எண்களை அடித்துவிட்டாள்.

தஞ்சாவூர் பக்கத்து போட்டோகிராபர்கள் இரண்டு கட்சி. கழுத்துப் பட்டையில் மஞ்சள் எழுத்து என்றால் நிக்கான், சிவப்பு என்றால் கேனான். ஒரே மண்டபத்தில் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் பட்டையைப் பார்த்துவிட்டுத்தான் வணக்கம் சொல்வார்கள். தங்கையன் மஞ்சள். கும்பகோணத்தில் சர்ச் கல்யாணங்கள் எடுக்கும் எல்வின் சிவப்பு. ஷார்ஜாவில் அருள்பிரகாஷோடு அறையில் இருந்த ஏழு பேரில் ஒருவரிடமும் கேமரா இல்லாததால் ஏழு பேரும் ஆலோசனை சொன்னார்கள். கீழ்வேளூர் சாமிதுரை மட்டும் வீடியோ கேமராவே வாங்கச் சொன்னார். படம் என்றால் நகர வேண்டும் என்பது அவர் கட்சி.

விண்ணரசி சிவப்பையே நினைத்திருந்தாள். தனியாகத் தொழில் தொடங்கிவிட்டு முதலாளியின் கட்சியிலேயே இருப்பது அவளுக்குச் சரியாகப் படவில்லை. உறவுக்காரக் குழந்தையின் ஞானஸ்நான விருந்துக்கு எல்வின் வந்திருந்தபோது அவர் கேமராவைக் கேட்டு வாங்கி அரை மணி நேரம் எடுத்துப் பார்த்தாள். கைக்கு அடக்கமாகத்தான் இருந்தது. ஆனால் குழந்தை கொட்டாவி விட்டபோது முகத்தைக் கிட்டே இழுக்க வளையத்தைத் திருப்பினாள், குழந்தை சின்னதாகிப் பந்தலும் பிரியாணி அண்டாவும் வந்தன. அவள் கைக்கு இடப்பக்கம் என்பது இந்த லென்ஸுக்கு வலப்பக்கமாக இருந்தது. ஐந்து தடவை முயன்றாள், ஐந்து தடவையும் அண்டாதான்.

பத்து கல்யாணம் எடுத்தால் பழகிவிடும் என்றார் எல்வின். அவளுக்கு இருந்தது ஒரு கல்யாணம். எட்டு வருஷம் ஒரு பக்கமாகத் திரும்பிய கையை ஒரு கல்யாணத்துக்குள் மாற்ற முடியாது. அந்த வெள்ளிக்கிழமை போனில், ஸ்டூடியோவில் இருக்கும் இரண்டாவது கேமராவின் மாடல் எண்ணை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அதுவே வேண்டும், புதுசு வந்திருக்கிறது என்று எவன் சொன்னாலும் கேட்க வேண்டாம், கூட ஒரு ஃப்ளாஷ், பென்சில் செல் போடுகிற மாதிரி.

அருள்பிரகாஷ் சொன்னதைச் சொன்னபடி வாங்கினார். அதுவரைக்கும் அவர் மேல் குற்றமில்லை.

வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் கேமராவை அட்டைப்பெட்டியோடு கொண்டுவருவதில்லை. பெட்டியில் இருந்தால் அது சரக்கு, கஸ்டம்ஸில் கேள்வி வரும். கழுத்தில் தொங்கினால் சொந்தச் சாமான். இது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். அருள்பிரகாஷும் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்தவற்றைப் பால்பவுடர் டின்களுக்கும் கம்பளிக்கும் நடுவில் செருகி, புதுப் பட்டையைத் தரையில் தேய்த்துக் கொஞ்சம் அழுக்காக்கி, கழுத்தில் மாட்டிக்கொண்டு திருச்சியில் இறங்கினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு ஆறு நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் தெருவே வந்து பார்த்தது. விண்ணரசி மாமியாரை எடுத்தாள், கோழிகளை எடுத்தாள், நடவு முடிந்த வயலை வரப்பில் நின்று எடுத்தாள். அவள் வேலைக்குப் போனபிறகு அருள்பிரகாஷ் கேமராவை வீடு வீடாகக் கொண்டுபோய்ப் பின்பக்கத் திரையில் அதே நாற்பது படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் பேட்டரி தீர்ந்துவிட்டது. சார்ஜரைத் தேடினார்கள். வாரண்டி அட்டை வந்திருந்தது. ஆறு பாஷையில் விளக்கப் புத்தகம் வந்திருந்தது. லென்ஸ் துடைக்கும் துணிகூட வந்திருந்தது.

ஷார்ஜா அறைக்குப் போன் போட்டார்கள். சாமிதுரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, அங்கே விட்டுவந்த பெட்டியின் அடியில் இன்னொரு அட்டை இருக்கிறது, அதற்குக் கீழே கறுப்பாக ஒன்று இருக்கிறது என்றார். பெட்டியில் இப்போது வெங்காயம் வைத்திருப்பதாகவும் சொன்னார்.

"மேல உள்ளதெல்லாம் எடுத்தேன். அடியில ஒரு மாடி கட்டியிருப்பான்னு நான் கண்டேனா?" என்றார் அருள்பிரகாஷ். விண்ணரசி திருச்சியில் ஒரு கேமரா கடைக்குப் போன் போட்டாள். விடுப்பில் வந்த மனிதரோடு இரண்டாம் நாளே சண்டை போட்டால் பாக்கி நாட்களுக்கு ஒன்றும் மிஞ்சாது என்பது அவள் அனுபவம்.

திருச்சிக் கடைக்காரர் ஆர்டர் போட்டால் பத்து நாள் என்றார். எல்வினின் சார்ஜரில் பேட்டரி உட்காரவே இல்லை. ஊரில் இந்தப் பேட்டரிக்கு ஏற்ற சார்ஜர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் தினமும் சாயங்காலம் பேட்டரி போடுகிறவள் அவளேதான்.

வெள்ளிக்கிழமை வரை அவள் போடவில்லை. கேட்பது என்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கேட்காமல் போடுவது என்றால், எட்டு வருஷத்தில் ஒரு கிளிப்புக்கூட அவள் அங்கிருந்து எடுத்துப் போனதில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் தங்கையன் சாப்பிட்டுப் படுக்கும் நேரத்தில் போட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். ஒன்றரை மணி நேரம் போதும். பன்னிரண்டு மணிக்கு அவர் எழுந்து போனார், கூடவே கரண்டும் போயிற்று. அந்த வருஷம் அப்படித்தான், தினமும் இரண்டு மணி நேரம். இரண்டு மணிக்கு வந்தது. அவள் பையிலிருந்து பேட்டரியை எடுத்துச் சார்ஜரில் வைத்தாள். மூன்று மணிக்குத் தங்கையன் வந்தார்.

வந்தவர் நேராகச் சார்ஜர் பக்கம் போனார். ஆயுத பூஜை முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கடையில் அசையும் பொருள் எல்லாவற்றுக்கும் அவர் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். கேமரா, லென்ஸ் மூடி, பேட்டரிகள், கம்ப்யூட்டர் மவுஸ், குப்பைக்கூடை எதையும் விடவில்லை. சார்ஜரில் இருந்த பேட்டரியைக் குனிந்து பார்த்தார்.

"இது யாருது? பொட்டு இல்லையே."

"என்னுதுண்ணே" என்றாள் விண்ணரசி. சொன்னபிறகு மீதியையும் சொல்லிவிட்டாள். கேமரா, ஷார்ஜா, சைத்தூன் பீவி, ஞாயிற்றுக்கிழமை.

தங்கையன் நாற்காலியில் உட்கார்ந்தார். என்ன மாடல் என்று கேட்டார். சொன்னாள்.

"எட்டு வருஷம் இங்க குப்பை கொட்டிட்டு, கடைசில வாங்குனதும் நம்ம கேமராதானா? வேற ஒண்ணும் கண்ணுல படலியா?"

"சிவப்புல சூம் தலைகீழாத் திரும்புதுண்ணே."

அதை அவர் ஏற்றுக்கொண்டார். தலையை ஆட்டினார். "அந்த வீட்ல இருவது வருஷமா நான் எடுக்குறேன்."

"ஆம்பளைங்க பக்கம்தானேண்ணே."

சார்ஜரின் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அவள் மறுபடி ஆல்பத்தைத் திறந்து, ஒரு மாப்பிள்ளையின் தலைக்குப் பின்னால் இருந்த டியூப்லைட்டை அழித்தாள். அரை மணி கழித்து விளக்கு மினுக்குவதை நிறுத்தியது. தங்கையன் எழுந்து பேட்டரியைக் கழற்றி அவள் மேஜையில் வைத்தார். அந்த இடத்தில் பொட்டு வைத்த ஒன்றைப் போட்டார்.

"ஏறுனது ஏறிடுச்சு, எடுத்துக்க. சார்ஜரு வெளியில போவாது. திங்கக்கிழமை வந்து பாக்கி ஆல்பத்த முடிச்சுக் குடுத்துட்டுக் கெளம்பு."

"சரிண்ணே" என்றாள்.

ஆக, ஒரு பேட்டரி. ஒரு பேட்டரியில் என்ன ஓடும் என்பது எட்டு வருஷமாகப் பேட்டரி போட்டவளுக்குத் தெரியாமலில்லை. படம் எடுப்பதில் அவ்வளவு செலவில்லை. எடுத்த படத்தைத் திரையில் பார்ப்பதில்தான் தீர்ந்துபோகும். செவ்வாய்க்கிழமை அருள்பிரகாஷ் அதைத் தெருவுக்கே நிரூபித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, பஸ் ஏறும்முன், பின்பக்கத் திரை எரியாதபடி மெனுவில் நிறுத்திவிட்டாள். ஃப்ளாஷுக்குப் பென்சில் செல் பன்னிரண்டு வாங்கிக்கொண்டாள்.

அவள் எதிர்பார்க்காதது ஒன்றே ஒன்று. கல்யாண வீட்டின் உள்கட்டில் அறுபது பெண்கள் இருந்தார்கள். அறுபது பேருக்கும், இந்தக் காலத்துக் கேமராவில் எடுத்த உடனே பார்க்கலாம் என்று தெரிந்திருந்தது.

மருதாணிக் கைகளை எடுத்ததும் நாலு தலைகள் அவள் தோளுக்கு மேல் வந்தன. காட்டு என்றார்கள். அப்புறம் என்றாள். மலேசியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண், தன் கண் மூடியிருக்குமோ என்று பார்த்துவிட்டு இன்னொன்று எடுக்கலாம் என்றாள். விண்ணரசி பார்க்காமலே இன்னொன்று எடுத்தாள். மணப்பெண்ணே கேட்டாள். சார்ஜர் ஷார்ஜாவில் வெங்காயத்துக்கு அடியில் இருக்கிறது என்று கல்யாணப்பெண்ணிடம் சொல்ல முடியாது. "காட்டக்கூடாதும்மா" என்றாள். ஏன் கூடாது என்று கேட்டபோது, வேறு ஒன்றும் தோன்றாமல், "நான் காட்டுறதில்ல" என்றாள்.

உள்ளே முணுமுணுப்பு ஆரம்பித்தது. கைக்கு ஒரு கேமரா வந்ததும் கொழுப்பு வந்துவிட்டது என்று ஒரு குரல் காதில் விழுகிற மாதிரியே சொன்னது. விஷயம் சைத்தூன் பீவிக்குப் போய், அவர் சமையல்கட்டிலிருந்து வந்தார். இங்கே இப்போது போ என்று சொல்லிவிட்டால், பாக்கி ஆல்பம் முடிந்தபிறகு போய் உட்கார அந்த முக்காலியும் இல்லை.

சைத்தூன் பீவி கேமராவைப் பார்த்தார். கறுத்துக் கிடந்த திரையைப் பார்த்தார். பிறகு திரும்பி, முணுமுணுத்தவர்களிடம் சொன்னார்: "கல்யாணப் பொண்ணுக்கே காட்ட மாட்டேங்குறா. அப்பறம் வெளிய எவனுக்கு இவ காட்டப் போறா? இப்படித்தான் இருக்கணும். போங்க, போயி உக்காருங்க."

போய் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் தோள்மேல் வரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாததால் விண்ணரசி ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அக்கா வந்து, தாலிக்குப் பதிலான கருகமணியைக் கட்டியபோது, பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் கொக்கி மாட்டாமல் மூன்று தடவை நழுவியது. கட்டியவளுக்கு அழுகை முட்டியது, பெண் சிரிப்பை அடக்கினாள். அது வந்திருக்கிறதா என்று இரவு வரை தெரியாது. மூன்று மணிக்குப் பேட்டரி அடையாளம் மினுக்க ஆரம்பித்தது. அப்புறம் எடுத்ததெல்லாம் ஒவ்வொன்றும் கடைசிப் படம் என்று நினைத்து எடுத்தது.

வீட்டில் கார்டைக் கழற்றி அருள்பிரகாஷின் லேப்டாப்பில் போட்டாள். அவர் கொல்லையில் போய் உட்கார்ந்திருந்தார். ஆம்பளை கண்ணில் படக்கூடாது என்பது அவருக்கும் பொருந்தும், படம் எல்லாம் பார்த்து முடிக்கும் வரை உள்ளே வரக்கூடாது என்று சொல்லியிருந்தாள். "நான் வாங்கியாந்த கேமரா" என்று அவர் ஒருமுறை நினைவூட்டிப் பார்த்தார், பலனில்லை. முந்நூற்று எண்பது படங்களில் முப்பது மங்கல். கருகமணி மூன்றும் வந்திருந்தது. மலேசியாப் பெண்ணுக்கு இரண்டிலும் கண் மூடியிருந்தது.

திங்கட்கிழமை முதல் வியாழன் வரை தங்கையனின் பாக்கி ஆல்பங்களை முடித்தாள். வெள்ளிக்கிழமை போகவில்லை. அவரும் ஆள் அனுப்பவில்லை. சில நாள் கழித்துக் கடைத்தெருவில், படத்தை யாருக்கும் காட்டாத பழக்கம் தன் ஸ்டூடியோவில் ஆரம்பத்திலிருந்தே உண்டு என்று தங்கையன் யாரிடமோ சொன்னதாகக் கேள்விப்பட்டாள். மறுத்துச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

மார்கழியில் சாமிதுரை ஊருக்கு வந்தபோது சார்ஜரைக் கொண்டுவந்து கொடுத்தார். திருச்சியில் ஆர்டர் போட்டதும் அதற்கு முன்பே வந்திருந்தது. உபரியாக இரண்டு பேட்டரியும் வாங்கிக்கொண்டாள். இனி நாள் முழுக்கத் திரையை எரியவிடலாம்.

அந்த வாரம் முத்துப்பேட்டையிலிருந்து ஜன்னத் பீவி என்று ஒருவர் போன் செய்தார். மகள் கல்யாணம், தேதி சொன்னார். அப்புறம் தயங்கி, ஒரு விஷயம் உறுதியாகத் தெரிய வேண்டும் என்றார். "நீங்க மண்டபத்துல யாருக்கும் காட்ட மாட்டீங்கன்னு சொன்னாங்க. எங்க நாத்தனாரு கேட்டாலும் காட்டக்கூடாது."

"காட்ட மாட்டேங்க" என்று சொல்லி விண்ணரசி தேதியைக் குறித்துக்கொண்டாள்.

திரை இன்றைக்கும் எரிவதில்லை. கண் மூடியிருக்கிறதா என்று அவளுக்கும் வீட்டுக்கு வந்தால்தான் தெரியும். அதனால் எல்லாவற்றையும் மூன்று தடவை எடுக்கிறாள்.