மகாபலிபுரத்தில் இரண்டு லென்ஸ்களும் தனபாலின் காரும்

கார்களைப் படம் பிடிக்கும் கிறுக்கு எனக்கு உண்டு. கையிலிருக்கும் ஜெர்மன் காமிராவுக்கு ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றுதான். நம் தெருக்களில் முழுக் காரும் அதற்குள் அடங்குவதில்லை. பின்னால் நகர்ந்தால் யார் வீட்டுச் சுவரிலாவது முதுகு முட்டும். இன்னொரு லென்ஸ் வாங்கியே தீருவது என்று 1956 மாசியில் முடிவு செய்தேன். சென்னையில் பழைய காமிராக்கள் விற்கும் ஒருவர் இரண்டைக் கொடுத்து, ஞாயிறு முழுக்கப் பார்த்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னார். முப்பத்தைந்து மில்லிமீட்டர் அகல லென்ஸ், கிட்டே நின்றே எல்லாவற்றையும் பிடிக்கும். நூற்று முப்பத்தைந்து தூர லென்ஸ், எட்ட இருப்பதை இழுத்துக் காட்டும்.

எழும்பூரில் காலை ரயிலேறிச் செங்கற்பட்டில் இறங்கினேன். ஸ்டேஷன் வாசலில் தனபால் காத்திருந்தான். என்னோடு பள்ளியில் படித்தவன். பழைய கறுப்பு இங்கிலீஷ் கார் ஒன்றைச் சொந்தமாக வைத்து டாக்ஸி ஓட்டுகிறவன். அவன் மனைவி ராஜாத்தி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். திருக்கழுக்குன்றத்தில் வேண்டுதல் என்றாள்.

மகாபலிபுரத்துக்குப் பதினெட்டு மைல். வழி நெடுக ராஜாத்தி வாய் மூடவில்லை. "மாடு நிக்குது." "எதிர்ல பஸ்ஸு வருது." "சைக்கிள்காரன், லெப்டுல." எனக்கு எரிச்சலாக வந்தது. "ஏம்மா, ஓட்டுறது அவனா நீயா?" என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. திருக்கழுக்குன்றத்தில் மலையேறாமல் கீழிருந்தே கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள். நல்ல வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டேன்.

கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டிக் கெட்டியான தரை இருக்கிறது, சக்கரம் புதையாது. முதலில் அகல லென்ஸை மாட்டினேன். பதினெட்டு அடியில் நின்றால் முழு வண்டியும் விழுந்தது, ஆனால் முன்பக்கம் பருத்து, பின்பக்கம் சூம்பிப்போனது. நெருங்க நெருங்க முன்விளக்கு பூசணிக்காயாக வீங்கியது. அடுத்து, தூர லென்ஸோடு அறுபத்தைந்து அடி பின்னால் போனேன். அடடா, வண்டி வண்டியாகவே இருந்தது! இதுதான் என்று அங்கேயே தீர்மானித்தேன்.

தனபாலும் இருக்கட்டுமே என்று அவனைக் கதவருகில் நிற்க வைத்தேன். கையைத் தூக்கி, "இங்கே பாருடா!" என்று கத்தினேன். கடல் இரைச்சலில் குரல் பாதிதான் எட்டியிருக்கும். எனக்குப் பத்தடி தள்ளி, வலை காயப்போட்ட கம்பம் ஒன்று இருந்தது. அவன் அதைப் பார்த்துச் சிரித்தான். நான் கையை ஆட்டியபடி இந்தப் பக்கம் நகர்ந்தேன். அவன் பார்வை நகரவில்லை. கம்பத்தை நான் என்று நினைத்து, அதற்கு ஒரு சலாமும் வைத்தான். லென்ஸ் அவன் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து காட்டியது. ராஜாத்தி வழியெல்லாம் பேசியது எதற்கென்று அப்போது புரிந்தது.

ஓடிப்போய், "எவ்வளவு நாளாடா கண்ணு இப்படி?" என்று கேட்டேன்.

ராஜாத்திதான் பேசினாள். "ஐப்பசிலேர்ந்து, அண்ணே. பத்தடிக்கு அப்பால அல்லாம் பொகையா கீதாம். நரம்பு போச்சு, வண்டியத் தொடாதன்னுட்டாரு டாக்டரு. கேக்கல. அதான் நானும் கூட வந்துகினு கீறேன்."

"ரோடு எனக்கு மனப்பாடம், மச்சான்," என்றான் தனபால். "வண்டிய வுட்டா நான் இன்னா ஆளு? சொல்லு."

"ரோடு மனப்பாடம். குறுக்கே ஓடி வர்ற குழந்தை?" என்றேன். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அவன் பானெட்டை ஒருமுறை தடவினான். பிறகு சாவியை எடுத்து ராஜாத்தி கையில் வைத்தான். "இப்ப எடு போட்டோ. கடேசியா ஓட்டிகினு வந்தது நான்தான்னு இருக்கட்டும்."

காமிராவில் தூர லென்ஸ் இருந்தது. கழற்றி அகலத்தை மாட்டிக்கொண்டு அவனை நோக்கி நடந்தேன். "தெரியுதா?" என்றேன். "இன்னும் கிட்ட வா." போனேன். "இன்னும்." போனேன். "ஆங், தெரியுது," என்றான்.

காரைப் பயணிகள் விடுதி வாசலில் விட்டுவிட்டு மூவரும் பஸ்ஸில் திரும்பினோம். மறுநாள் தனபாலின் தம்பி போய் ஓட்டி வந்தான். இப்போது டாக்ஸி அவன் கையில்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் உண்டு. ஒன்றரை மணி நேரம் ஆகும். கடலைப் பின்னணியாக வைத்து எடுப்பதானால் மாலை நான்குக்கு மேல் வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து விழும், பெயின்ட் பளபளக்கும். மணல் காற்றில் லென்ஸ் மாற்றாதீர்கள். காருக்குள் உட்கார்ந்து மாற்றுங்கள். கார்களுக்கு எந்த லென்ஸ் என்றால், இடம் இருக்கும் வரை தூர லென்ஸ்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் வாங்கியது அகல லென்ஸ். கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "வண்டி கோணிப்போயிருக்கே சார்," என்றார். கோணித்தான் இருக்கிறது. ஆனால் அதில் தனபால் என்னைப் பார்க்கிறான்.