கம்பளி நூல் பரீட்சை

ஒன்பது வயதில் நான் ஒருவருக்கு வாத்தியாராக இருந்தேன். மாணவர் என் சித்தப்பா. வயது இருபத்து நான்கு. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒயர்மேன் படிப்புக்கு மனுப் போட்டிருந்தார். பள்ளிக்கூடச் சான்றிதழ் பெட்டியில் இருந்தது. நன்னடத்தைச் சான்றிதழையும் எப்படியோ வாங்கிவிட்டார். அதைக் கேட்டுத் தெருவே சிரித்தது. மிச்சம் இருந்தது சர்க்கார் டாக்டரின் சான்று மட்டும்தான். கரண்டு வேலைக்கு நிறம் பிரிக்கத் தெரிய வேண்டுமாம். வயது வரம்புப்படி அவருக்கு அதுதான் கடைசி வருஷம்.

பட்டுத் தறி ஓடும் வீட்டில் வந்து நிறம் தெரியுமா என்று கேட்கிறார்களே! ஆனாலும் நான் விடவில்லை. பத்து நாள் சாயந்தரம் முழுக்க மிச்ச நூல்களைக் குவித்து வைத்துப் பாடம் நடத்தினேன். கிளிப்பச்சையையும் இலைப்பச்சையையும் ஒன்றாக வைத்தால் தலையில் குட்டு. அரக்கு நிறத்தைச் சிவப்பு என்று சொன்னால் இரண்டு குட்டு. "போதும் வாத்தியாரம்மா, மண்டை வீங்குது" என்பார் சித்தப்பா. அப்பா மட்டும் அந்தப் பக்கமே வரமாட்டார். நாங்கள் நூலைப் பிரித்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். தம்பி தறியை விட்டுப் போகிறானே என்று கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்கு அப்பா, சித்தப்பா, நான் மூவரும் போனோம். வாத்தியார் இல்லாமல் பரீட்சையா? டாக்டர் வெளியூர்க்காரர். ஒரு டப்பாவைத் திறந்து கலர் கலராகக் கம்பளி நூல்களை மேஜையில் கொட்டினார். ஒரு பச்சை நூலை எடுத்துச் சித்தப்பாவிடம் நீட்டி, இதே நிறத்தில் இருப்பதையெல்லாம் பொறுக்கச் சொன்னார்.

சித்தப்பா ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணு கூட இல்லீங்க" என்றார். டாக்டர் ஒரு சிவப்பை நீட்டினார். அதற்கும் அதே பதில். என் மாணவரை நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டாக்டர் பேனாவைத் திறந்தார். "இவருக்கு நிறம் தெரியல. லாயக்கில்லைன்னுதான் எழுதணும்."

அப்பா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. "இவனுக்குமா?" என்று வாய்க்குள்ளேயே சொன்னார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "பொய்யி! எங்க சித்தப்பாவுக்கு எல்லாம் தெரியும். அது பாசிப்பச்சை, இது பாட்டில்பச்சை, அது எப்பிடி ஒண்ணாவும்?" என்று கத்தியே விட்டேன்.

பக்கத்தில் நின்ற நர்சம்மா நம்ம ஊர்க்காரர். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சார், இவங்க பட்டு நெய்யறவங்க. இதே கலருன்னு கேட்டா ஆயுசுக்கும் எடுக்க மாட்டாங்க. பச்சைன்னு இருக்கிறதெல்லாம் எடுன்னு சொல்லுங்க."

டாக்டர் அப்படியே சொன்னார். கண்மூடித் திறப்பதற்குள் பச்சையெல்லாம் ஒரு குவியல், சிவப்பெல்லாம் ஒரு குவியல். டாக்டரும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அப்பாடா! சித்தப்பா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார்.

திரும்பும் வழியில் அப்பா பன்னீர் சோடா வாங்கித் தந்தார். "ஏம்மா, பச்சையில ஒரு சிவப்பு கூட கலக்கலையே? நீ நல்லா பார்த்தியா?" என்று கேட்டார். ஒன்றுகூடக் கலக்கவில்லை என்றேன். பத்தடி நடந்ததும் மறுபடி கேட்டார். அவர் கண் முன்னால்தானே எல்லாம் நடந்தது, என்னைப் போய்க் கேட்கிறாரே என்று எரிச்சலாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "அவனுக்கு இல்ல. அவன் தப்பிச்சிக்கினான்" என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சான்று கிடைத்த சந்தோஷம் என்று நினைத்தேன்.

மறுநாள் அப்பா தறிக்கு உட்கார்ந்தார். சிவப்பு உடம்பு, பச்சைக் கரை போட்ட புடவை. அம்மாவுக்குக் கைவேலை இருந்ததால் நானே குச்சிகளில் நூல் சுற்றிக் கொடுத்தேன். அம்மா செய்வது போலவே சிவப்புக் குச்சியில் ஒரு முடிச்சு, பச்சைக் குச்சியில் இரண்டு முடிச்சு. அப்பா விரலால் தடவிப் பார்த்து வாங்கிக்கொண்டார். அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத்தான் தெரியும் என்பதை எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள். அதுவரைக்கும், நெய்கிற வீடுகளில் எல்லாம் அப்படி முடிச்சுப் போடுவார்கள் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.