முப்பது விநாடி நின்ற மனிதர்

போன சனிக்கிழமை மாலை ஏழு மணி. திருச்சி மெயின்கார்டு கேட் பஸ் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் தள்ளி, அதே ஓரத்தில் கேமராவுக்கு ட்ரைபாடை விரித்து நின்றிருந்தேன்.

ஒரு படத்துக்கு முப்பது விநாடி ஷட்டர் திறந்தே இருக்கும். நடந்து போகிறவர்கள் யாரும் அதில் பதிய மாட்டார்கள். வண்டி விளக்குகள் மட்டும் சிவப்பும் மஞ்சளுமாகக் கோடு இழுக்கும். சனிக்கிழமைக் கூட்டத்தையே காணாமல் அடிப்பதில் எனக்கு ஒரு கர்வம்!

"சார், ரொம்ப நேரமா இங்கதான் நிக்கிறீங்களா?"

அறுபது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. பெயர் சரோஜா. மூச்சு வாங்கியது.

"எங்க வீட்டுக்காரரைக் காணோம் சார். செருப்புக் கடைக்குள்ள போயிட்டுத் திரும்பினா ஆளில்லை. அவருக்கு ஞாபகம் சரியா இருக்காதுங்க. வெள்ளைச் சட்டை, கையில மஞ்சப் பை... உங்க போட்டோல இருக்காரான்னு பாருங்களேன்."

எப்படிச் சொல்வது? "இதுல ஆளுங்க விழ மாட்டாங்கம்மா" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, கேமரா திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

காலித் தெரு. அடுத்ததும் காலித் தெரு.

மூன்றாவது படம். பஸ் ஸ்டாப்பில் ஒரே ஒருவர். வெள்ளைச் சட்டை, மஞ்சள் பை. ஊரே ஓடும்போது அவர் மட்டும் முப்பது விநாடியும் அசையாமல் நின்றிருக்கிறார்.

"இவர்தான்... இவரேதான்!"

நாலாவதில் ஒரு பஸ். போர்டில் ஸ்ரீரங்கம். படிக்கட்டுக்கு முன்னால் அதே சட்டை — புகை மாதிரி, அரைகுறையாக. பாதி நேரம் நின்றுவிட்டு ஏறியிருக்கிறார். படத்தின் நேரம் 7.12. இப்போது 7.35.

"அந்தப் பக்கம் யாராவது இருக்காங்களாம்மா?"

"திருவானைக்காவல்! அந்த பஸ் போற வழிதான். முன்ன அங்கதான் வாடகைக்கு இருந்தோம். இப்பதான் அரியமங்கலத்துல மகன் வீட்டுக்கு வந்துட்டோம்."

கேமராவைத் தோளில் மாட்டி, ட்ரைபாடைப் பக்கத்துப் பழக்கடைக்காரரிடம் தள்ளிவிட்டு, அந்த அம்மாவை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். காவிரிப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன.

"முந்தின ஸ்டாப்ல, ஆத்துப் பக்கம் இறங்கியிருந்தா?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

ஹாரன் அடித்தேன்.

திருவானைக்காவல். சன்னதித் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் அவர்களுடைய பழைய வீடு. மூடிய கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். உள்ளே ஜன்னலில் ஓர் இளம்பெண், கையில் போனோடு: "யாருங்க நீங்க? போலீஸைக் கூப்பிடுவேன்!"

"என் வீட்டுப் பூட்டை யாரு மாத்தினது?"

ஸ்கூட்டர் நிற்பதற்குள் சரோஜா அம்மா குதித்துவிட்டார். கணவர் திரும்பினார். "எங்க போயிட்ட? எவ்வளவு நேரமா நான் தட்டுறேன்!"

அந்த அம்மா திட்டவில்லை. அழவும் இல்லை. "சாவி என்கிட்ட இருக்குங்க. வாங்க போலாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கேட்டிலிருந்து கணவரின் பிடி மெதுவாகத் தளர்ந்தது.

விஷயம் தெரிந்ததும் அந்தப் பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"தம்பி, இவரை ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. என் போன் பூரா பேரன்தான். இவர் ஒண்ணுலகூட இல்லை" என்றார் சரோஜா அம்மா. அந்தப் பெண் வாசல் லைட்டைப் போட்டாள். எடுத்தேன்.

உங்கள் போனில் எத்தனை போட்டோ இருக்கும்? ஆயிரம்? பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அதில் இருக்கிறாரா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்!