கன்னியம்மா சைக்கிளில் பார்த்த ஏரிகள்

திருமுல்லைவாயில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருந்த கன்னியம்மா, சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டபோது அவளுக்கு வயது முப்பது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் ஒரு சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஸ்டூலில் உட்கார்ந்து, மயிர் போல மெல்லிய செம்புக் கம்பியை அறுந்துவிடாமல் சுற்ற வேண்டும். போகவர பஸ்ஸில் நசுங்கிச் சலித்துப்போய், மாற்றலாகி ஊரை விட்டுப் போன ஒரு நர்ஸம்மாவின் பழைய லேடீஸ் சைக்கிளை வாங்கினாள். பச்சை நிறம். மணி மட்டும் அடிக்காது.

அவள் கணவன் துலுக்கானம் ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் பெயின்டர். நாள் முழுக்க வண்டிகளுக்கு ஒரே பச்சையை அடித்துவிட்டு வருகிறவன். கோயில் தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு வாரம் கேரியரைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினான். "இதுக்கு மேல என்னால ஓட முடியாது, வுழுந்தா எழுந்துக்கோ" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். இரண்டு தடவை விழுந்தாள். பிறகு விழவில்லை.

கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி வீட்டுக்குள் யாரும் பேசுவதில்லை. தெருவில்தான் பேசினார்கள்.

எண்பத்து நாலாம் வருஷம், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. துலுக்கானத்துக்கு ஓவர்டைம். கன்னியம்மா நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்து, சோற்றையும் குழம்பையும் தூக்கில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, பூந்தமல்லியில் இருந்த அக்கா பொன்னியம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். அவ்வளவு தூரம் சைக்கிளில் போவது அதுதான் முதல் தடவை. பருத்திப்பட்டு ஏரி ஓரமாகப் போகும்போது பனி இன்னும் விலகவில்லை. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் எல்லாம் ஒரே பால் நிறமாக இருந்தது. அதற்குள்ளிருந்து எருமை ஒன்று மெதுவாகத் தலையை நீட்டியது.

அக்கா வீடு பூட்டியிருந்தது. "காஞ்சீபுரத்துல காரியம்னு போய்கீறாங்க, ராத்திரிதான் வருவாங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

கன்னியம்மா மெயின் ரோட்டுக்கு வந்து ஒரு காலை ஊன்றி நின்றாள். திரும்பிப் போகலாம், வீட்டில் துணி ஊறிக்கொண்டிருந்தது. ஆனால் துலுக்கானம் ஆறு மணிக்கு முன்னால் வரமாட்டான். அக்கா வீட்டுக்குப் போனவள் பொழுது சாயத்தான் வருவாள் என்று தெருவே நினைத்துக்கொண்டிருந்தது. அவள் பிறந்ததிலிருந்து, இப்போது எங்கே இருக்கிறாள் என்று ஒருவருக்கும் தெரியாத ஒரு பகல் அவளுக்கு வாய்த்ததே இல்லை. சைக்கிளைப் பெங்களூர் ரோட்டில் மேற்கே திருப்பினாள்.

லாரிகள் காற்றை வாரி அடித்துவிட்டுப் போயின. நசரத்பேட்டை தாண்டியதும் இடது பக்கம் ஒரு கிளைப்பாதை. இரண்டு பக்கமும் நெல் பால் பிடித்திருந்தது. அந்த வாசனைக்குப் பின்னாலேயே போனது போலப் போனாள். பாதை ஒரு மேட்டின் அடியில் போய் முட்டியது. ஏதோ குன்று என்று நினைத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க ஏறினாள்.

ஏறிப் பார்த்தால் தண்ணீர். அக்கரையே இல்லாத தண்ணீர். வெயில் பட்ட இடத்தில் வெள்ளி, மேகம் போன இடத்தில் ஈயம், கரையோரத்தில் பச்சை. காற்று அடிக்க அடிக்க நிறங்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. செம்பரம்பாக்கம் ஏரி என்று பேர் கேட்டிருக்கிறாள். அது இப்படி ஒரு சமுத்திரமாகப் படுத்திருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

கரை மேலேயே மெதுவாக மிதித்துக்கொண்டு போனாள். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் ஆழத்தில் வயல். நடுவில் அவள். மதகுக்குப் பக்கத்தில் ஒரு பனைமர நிழலில் உட்கார்ந்து அக்காவுக்குக் கொண்டுவந்த சோற்றை, ஒரு பருக்கை விடாமல் தின்றாள். தின்றுவிட்டுப் படுத்தாள். தூங்கினாளா விழித்திருந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அலை கல்லில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

வீட்டில் கேட்டதற்கு, "அக்கா நல்லா கீது" என்று சொல்லி வைத்தாள்.

பதினைந்து நாள் கழித்துப் பொன்னியம்மாவே நேரில் வந்து நின்றாள். வந்தவள் சும்மா இருக்கவில்லை. "ஏண்டி, நான் காஞ்சீபுரம் போன அன்னிக்கு கொழம்பு எடுத்துகினு வந்தியாமே? ஒரு வாய் கூட எனக்குக் குடுத்து வைக்கல பாரு" என்றாள்.

துலுக்கானம் டீ டம்ளரைக் கீழே வைத்தான். அக்கா போகும் வரை காத்திருந்தான். போனதும் கேட்டான்.

"அப்ப அன்னிக்குப் பூரா எங்க இருந்த நீ?"

"ஏரில."

"எந்த ஏரி?"

"செம்பரம்பாக்கம்."

"அங்க யார் கீறாங்க?"

"யாரும் இல்ல மாமா. தண்ணி கீது."

"தண்ணியப் பாக்கவா அவ்ளோ தூரம் போன?"

"ஆமா. நம்பலன்னா வா, காட்டறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துலுக்கானம் இரவல் வாங்கிய ஒரு மொபெட்டில் அவளோடு வந்தான். அவன் முன்னால் போவதும், டீக்கடையில் நிற்பதும், அவள் தாண்டிப் போனதும் மறுபடி புட்டுபுட்டென்று பிடிப்பதுமாக வழி நெடுக நடந்தது. ஒவ்வொரு தடவையும் "இன்னும் எவ்ளோ தூரம்?" என்று கேட்டான். கரை மேல் ஏறியதும் பேச்சு நின்றது. ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்தான். பிறகு பனை நிழலில் துண்டை விரித்து, குறட்டை விட்டுத் தூங்கிப்போனான். எழுந்தபோது வெயில் இறங்கியிருந்தது. கன்னியம்மா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இதுக்குத்தானா?"

"இதுக்குத்தான்."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டான். "சரி. இனிமே எந்தப் பக்கம் போறன்னு மட்டும் சொல்லிட்டுப் போ" என்றான். அதற்குப் பிறகு அவன் அவளோடு வரவும் இல்லை, அவளைத் தடுக்கவும் இல்லை. ஆனால் அவள் திரும்பி வரும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்பான்: "இன்னிக்குத் தண்ணி இன்னா கலர்?" அவள் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பான்.

இப்படி மாதத்துக்கு ஒரு ஞாயிறு என்று ஆயிற்று. கொரட்டூர் ஏரி பக்கம் என்பதால் அரை நாளில் முடிந்தது. திருநின்றவூர் ஏரியில் மரம் கொள்ளாமல் வெள்ளைப் பறவைகள். புழல் ஏரிக்கரையில் காற்று சைக்கிளையே ஓரமாகத் தள்ளியது. திருமழிசை தாண்டி வெள்ளவேடு போகும் வழியில் விடியற்காலையில் மல்லிகை பறிக்கிறவர்கள் மடி நிறையப் பூவோடு நடந்தார்கள். அந்த மணத்துக்குள் ஒரு மைல் தூரம் மிதித்தாள்.

தெருவில் மட்டும் கதை வேறாக ஓடியது. பிள்ளை வரம் கேட்டு ஒவ்வொரு கோயிலாகச் சைக்கிளில் போகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். கன்னியம்மா மறுக்கவில்லை. தண்ணீரைப் பார்க்கப் போகிறேன் என்றால் சிரிப்பார்கள். கோயிலுக்கு என்றால் வழி விடுகிறார்கள். எதிர்வீட்டு அங்கம்மா ஒருநாள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கன்னி, என் பொண்ணுக்கும் சேத்து வேண்டிக்கோம்மா. மூணு வருசமாச்சு." அந்த ஞாயிறு கன்னியம்மா மனசு கேட்காமல், ஏரிக்கரையில் இருந்த ஒரு சின்ன அம்மன் கோயிலில் சைக்கிளை நிறுத்திக் குங்குமம் வாங்கி வந்தாள். ஆறே மாதத்தில் அங்கம்மா வெற்றிலை பாக்கும் வாழைப்பழமுமாக வந்து நின்றாள். பெண் முழுகாமல் இருந்தாள். கன்னியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது; வாழைப்பழத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அதிலிருந்து தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் தபால்காரி. ஒருத்தருக்கும் முகம் சுளிக்காமல், போகிற வழியில் எல்லாக் கோயிலிலும் நின்று, எல்லாருக்காகவும் கும்பிட்டாள். தனக்காக என்று கேட்க வாயெடுத்தால், கேட்க ஒன்றும் தோன்றவில்லை. அந்த நாட்களில் அவளுக்கு ஒன்றும் குறைவாகத் தெரியவில்லை.

எண்பத்தேழில் லோகநாயகி வந்து சேர்ந்தாள். பருத்திப்பட்டு ஏரி ஓரத்தில் சைக்கிள் செயின் கழன்று, கையெல்லாம் கறுப்பாக நின்றிருந்தாள். கன்னியம்மா இறங்கி, காயில் சுற்றிப் பழகிய விரல்களால் ஒரே நிமிஷத்தில் மாட்டிவிட்டாள். லோகநாயகி ராணுவத்தில் இருந்த கணவனோடு ஆவடி குவார்ட்டர்ஸில் இருப்பவள், சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். மகன்கள் இரண்டு பேரும் ஹாஸ்டலில்.

"எங்கேக்கா போறீங்க?" என்று கேட்டாள்.

"சும்மா. ஏரிக்கு."

லோகநாயகி சிரிக்கவில்லை. "நானும் வரட்டா?" என்றாள்.

ஆறு வருஷம் இரண்டு பேருமாகச் சுற்றினார்கள். பூண்டி அணைக்குப் போய் கொசஸ்தலை ஆற்று மணலில் கால் புதைய நடந்தார்கள். மழையில் சிக்கி ஒரு செங்கல் சூளையில் ஒதுங்கி, சூட்டில் புடவையைக் காயவைத்துக்கொண்டார்கள். மிதிக்கும்போது அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். முன்னால் போகிறவளின் நிழல் பின்னால் வருகிறவளின் சக்கரத்தில் விழும். அதுவே போதுமாக இருந்தது.

தொண்ணூற்று மூணு ஜனவரியில் பழவேற்காடு போனார்கள். அவ்வளவு தூரம் அதற்கு முன்பும் போனதில்லை, அதற்குப் பின்பும் சேர்ந்து போகவில்லை. விடியுமுன் கிளம்பி, செங்குன்றம் தாண்டி, பொன்னேரியில் இட்லி தின்று, உப்புக்காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. ரோடு முடிந்த இடத்தில் உப்பு ஏரி விரிந்து கிடந்தது. ஆழமில்லாத, அசையாத தண்ணீர். தூரத்தில் அதன் நடுவே ரோஸ் நிறத்தில் நீளமாக ஏதோ.

"யாரோ புடவை காயப் போட்டிருக்காங்கக்கா" என்றாள் லோகநாயகி.

"தண்ணி நடுவுலயா?"

நண்டுக் கூடையோடு போன ஒரு பெண் நின்று சிரித்தாள். "அது பூநாரைம்மா. பாத்துகினே இருங்க, எழுந்துக்கும்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, அந்த நீளமான நிறம் ஒரு முனையிலிருந்து மெல்ல மெல்லக் கழன்று எழுந்தது. ஆயிரம் இருக்குமோ, அதற்கும் மேலோ. இறக்கை விரிந்ததும் உள்ளே கறுப்பும் சிவப்பும் தெரிந்தன. தலைக்கு மேலே சுற்றி, வானத்தில் ஒரு துணியை உதறியது போல வளைந்து, மறுபடி அதே தண்ணீரில் வந்து படிந்தது. கன்னியம்மா பிடித்திருந்த சைக்கிள் கை நழுவி மணலில் விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

திரும்பும்போது பொன்னேரிக்கு அருகே லோகநாயகியின் பின் டயர் பஞ்சர். கடை எதுவும் திறந்திருக்கவில்லை. செங்குன்றம் போகிற வைக்கோல் லாரி ஒன்று நின்றது. டிரைவர் இரண்டு சைக்கிளையும் கயிற்றில் கட்டி மேலே ஏற்றினார். "நீங்களும் மேலயே ஏறிக்குங்கம்மா, கீழ எடமில்ல" என்றார். வைக்கோல் மேல் மல்லாந்து படுத்தார்கள். பனைத் தலைகளும் கரன்ட் கம்பிகளும் கண்ணுக்கு மிக அருகில் ஊர்ந்து போயின. வானம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. லாரி ஆடியது படகில் போவது போல இருந்தது.

"அக்கா, இவருக்கு மே மாசத்தோட ரிட்டையர்மென்ட். ஊருக்கே போயிடலாம்ங்கறாரு" என்றாள் லோகநாயகி, வானத்தைப் பார்த்தபடி.

கொக்குகள் வரிசையாகக் கடந்து போயின.

"அங்க ஏரி கீதா?" என்று கேட்டாள் கன்னியம்மா.

"பெருசா இல்லக்கா. மலை இருக்கு."

"மலைல சைக்கிள் ஏறுமா?"

"தள்ளிக்கிட்டு ஏறலாம்."

"எறங்கசொல்ல சொகமா இருக்கும்" என்றாள் கன்னியம்மா. இருவரும் சிரித்தார்கள். பிறகு லோகநாயகி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். செங்குன்றம் வரும் வரை விடவில்லை.

அன்று வீட்டுக்குள் நுழைந்தபோது துலுக்கானம் வாசலிலேயே காத்திருந்தான். அவள் பறவைகளைப் பற்றிச் சொன்னாள். "ரோஸுன்னா எந்த ரோஸு?" என்று விடாமல் கேட்டான். "பன்னீர் ரோஜாவா? கலர் சோடாவா?"

"அதெல்லாம் இல்ல மாமா." கன்னியம்மா கண்ணை மூடி யோசித்தாள். "பொறந்த கொழந்தையோட குதிகால் கலர்."

சொன்ன பிறகுதான் இருவருக்கும் அந்தச் சொல் காதில் விழுந்தது. இருபது வருஷமாக அந்த வீட்டுக்குள் எடுக்காத பேச்சு. துலுக்கானம் அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் துக்கம் எதுவும் இல்லை. வெயிலில் கறுத்த முகம், தலைமுடியில் வைக்கோல். அவன் மெதுவாகத் தலையாட்டினான்.

"அது நல்ல கலரு" என்றான்.

லோகநாயகி ஊருக்குப் போய் வருஷத்துக்கு ஒரு கார்டு போட்டாள். முதல் கார்டில், மலையில் ஒரு மைல் ஏறியதாகவும் இறங்கும்போது பயத்தில் கத்தியதாகவும் எழுதியிருந்தாள். கன்னியம்மா தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். ஏரியோரங்களில் வீட்டுமனைக் கற்கள் நட்டார்கள். வயல் வழிகள் சிலவற்றுக்குக் கேட் போட்டார்கள். அவள் இன்னும் தள்ளிப் போனாள். கால் முட்டி வலித்தால் இறங்கி, கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு நடப்பாள்.

தொண்ணூற்றேழில், மழை ஓய்ந்த ஒரு மார்கழி ஞாயிறு, பெரியபாளையம் வழியாக ஊத்துக்கோட்டை வரை மிதித்தாள். டீக்கடையில் நின்றபோது வடமேற்கே நீலமாக மலைவரிசை தெரிந்தது.

"இந்த ரோடு எங்க போவுது அண்ணாத்தே?"

"நாகலாபுரம்மா. ஆந்திரா." கடைக்காரர் சைக்கிளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்கேந்து வர்றீங்க?"

"தோ, திருமுல்லைவாயில்."

அவர் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

டீயைக் குடித்துவிட்டு, சும்மா எல்லை வரைக்கும் பார்க்கலாம் என்று மிதித்தாள். ஆரணி ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் ரோட்டோரம் ஒரு மைல்கல். அதில் எழுத்து மாறியிருந்தது, உருண்டை உருண்டையாக. எந்த ஊர் என்று அவளால் படிக்க முடியவில்லை. எண் மட்டும் புரிந்தது. வெயிலை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். இன்னும் நேரமிருந்தது. புடவையைச் செருகிக்கொண்டு மிதித்தாள்.