நீராவியைக் குறைக்க ஒரு வழி

திரையில் சிவப்பு வரி வந்தால் வால்வுக்காரர் முதலில் கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படிப்பார். துடைத்த பிறகும் அதே வரிதான் இருக்கும். "சரி, கோவப்படாம சொல்லு, எங்க தப்பு?" என்று மடிக்கணினியிடம் கேட்பார். சமையலறையிலிருந்து மனைவி, "யாருகூடப் பேசுறீங்க?" என்பாள். "ஆபீஸ்காரன்டி" என்று பதில் போகும்.

வேலை பெயின்ட் தொழிற்சாலையில். அழுக்கான கரைப்பானை நீராவியால் சூடாக்கி, வடித்து, சுத்தமாக்கித் திருப்பித் தரும் பிரிவு அவருடையது. வால்வு திருகித் திருகியே வலது மணிக்கட்டு தடித்துப்போயிருக்கும். அங்கே நிற்கும், கரைப்பானை வடிக்கும் இரும்புக் கோபுரம் நீராவியைக் குடித்துத் தீர்க்கிறது என்பது மேலாளரம்மாவின் புகார். "குறைக்க வழியிருந்தா காட்டுங்க. இல்லேன்னா மூடிட்டு வெளியில வாங்கிக்கலாம்" என்றுவிட்டார். மூடினால் வால்வுக்காரருக்கு வேலை போகும். அங்கேயே கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் மச்சினனுக்கும் போகும். ஒரே வீட்டின் இரண்டு சம்பளம்.

அதனால்தான் மடிக்கணினியில் இந்த மென்பொருள். ஆலையைக் கணினிக்குள்ளேயே கட்டி, எதை எவ்வளவு திறந்தால் நல்லது என்று தேடச் சொல்லலாம். காசு கிடையாது. உள்ளே எழுதியிருப்பதை யாரும் படிக்கலாம், திருத்தலாம். அதுவே அவருக்குக் குழப்பம். "இவ்வளவு பாடுபட்டு எழுதிட்டு சும்மா குடுக்கிறானுங்களே, என்ன பிறவிங்கப்பா!" இணையத்தில் சந்தேகம் கேட்டால் முகம் தெரியாத யாரோ பதில் தருகிறார்கள். நன்றி எழுதும்போது இவர், "வீட்டில் எல்லாரும் சௌக்கியமா?" என்று சேர்த்துக்கொள்வார். அதற்கு மட்டும் பதில் வந்ததில்லை.

ஆரம்பத்தில் வெப்பநிலை எண்பது என்று கொடுத்தார். அந்த மென்பொருள் கெல்வினில் கணக்குப் போடுவது அவருக்குத் தெரியாது. அதில் எண்பது என்றால் பனிக்கட்டியையே சூடு என்று சொல்லவைக்கும் குளிர். கோபுரம் மொத்தமும் உறைந்து நின்றது. கெல்வின் என்பதை ஒரு ஆளாக நினைத்து அன்று முழுவதும் திட்டிக்கொண்டிருந்தார்.

இன்று ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் கணக்கு ஒரு வழியாக ஓடியது. சிவப்பே இல்லை. நீராவி ஆகக் குறைவாகும் வழியைத் தேடச் சொல்லியிருந்தார். கிடைத்துவிட்டது என்றது. நீராவி: பூஜ்யம். உள்ளே போகும் கரைப்பான்: பூஜ்யம். வெளியே வருவது: பூஜ்யம்.

மச்சினன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "என்ன மாமா, முடிஞ்சுதா?"

"எல்லாத்தையும் மூடுங்குதுடா. மூடினா செலவே இல்லியாம். இதைச் சொல்றதுக்கு அந்தம்மாவே போதுமே!"

மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "வேர்க்காம இருடான்னு சொன்னா எவனும் படுத்துத் தூங்கத்தான் செய்வான். வேலையும் முடிக்கணும்னு சொன்னீங்களா?"

வால்வுக்காரர் அவனையே பார்த்தார். "ஓட்டணும்னு கூடவா சொல்லணும்?"

அழுத்தம், அளவு, குழாயின் குறுக்களவு வரை எழுதிக் கொடுத்தவருக்கு அது மட்டும் தோன்றவில்லை. மூச்சு விடு என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லையே.

ஒரு வரி சேர்த்தார்: பெயின்ட் கலக்குமிடத்துக்குத் தேவையான கரைப்பான் வெளியே வந்தே ஆகவேண்டும். இப்போது இது என்ன சொல்லும்? நீராவி குறையும் என்றா? ஒரு சொட்டும் குறையாது என்றா? இல்லை, புரியாத இன்னொரு சிவப்பு வரியா? என்டர் பொத்தானின் மேல் விரல் அப்படியே நின்றது.

கதவு திறந்தது. மேலாளரம்மா. "என்னங்க, வழி ஏதாவது கிடைச்சுதா?"

"மாமா, நாம முதல்ல ஓட்டிப் பாத்துக்கலாம்," மச்சினன் காதோரம் கிசுகிசுத்தான். "நாளைக்குக் காட்டுறோம்னு சொல்லுங்க."

வால்வுக்காரர் விரலை எடுத்தார். பக்கத்து நாற்காலியில் கிடந்த ஹெல்மெட்டைத் தரையில் வைத்தார். நாற்காலியைத் திரைக்கு நேராக இழுத்துப் போட்டு, அந்தம்மா உட்காரும்வரை காத்திருந்து, பிறகு என்டரைத் தட்டினார்.